ஒட்டகச்சிவிங்கிக் குட்டியை விற்கலாமா?

சென்ற பதிவின் முடிவில் பெரிய மார்க்கெட்டின் மீன் பகுதியைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த முறைக்கு இருக்கட்டும். வீட்டில் ஒரு வழக்கு வந்துவிட்டது. தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இன்று அதைப் பற்றித்தான்.

என் கடைசி மகனின் மகளுக்கு ஒன்பது வயது. பள்ளி விட்டு வந்து பாலைக் குடித்த கையோடு அவள் அப்பாவின் பழைய லேப்டாப்பைத் திறந்துவிடுகிறாள். அதில் ஓர் உயிரியல் பூங்கா நடத்துகிறாள். விளையாட்டின் பெயர் ‘ஜூ டைகூன்’. டைகூன் என்றால் பெரிய முதலாளி என்று பொருளாம். என் மருமகள் ஆசிரியை. கணக்கில் மதிப்பெண் குறைந்துவிட்டது, கண் கெட்டுவிடும், சாப்பிடும்போதும் சிங்கத்தைப் பற்றியே பேச்சு என்று அவளுக்குக் கவலை. இதை ஏற்றிக் கொடுத்தவனே என் மகன்தான். பழைய சிடியை எங்கோ தேடிப் பிடித்து வாங்கி, மகளுக்குக் கற்றுக்கொடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறான்.

ஒருநாள் இரவு மருமகள் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். “மாமா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா ரெண்டு பேரும் கேப்பாங்க. அந்த சனியனை எடுத்துடச் சொல்லுங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் தாழ்வாரத்திலிருந்து மகன் குரல் வந்தது. “அப்பா இந்தக் கேஸ்ல ஏற்கனவே ஒரு தீர்ப்பு சொன்னவர்தான்.”

அவன் கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

என்ன தீர்ப்பு என்று சொல்லிவிடுகிறேன். 2002 ஆம் ஆண்டு. அவன் ஒன்பதாம் வகுப்பு. வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, பி.எஃப். முன்பணம் எடுத்து வாங்கியது. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 41. அலுவலகத்தில் அன்றைக்கு ஆடிட் பார்ட்டி வந்திருந்தது, ஒரு வவுச்சர் காணவில்லை, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன். பையன் திரையில் வரிக்குதிரைக்கு வேலி போட்டுக்கொண்டிருக்கிறான். ஒன்றும் கேட்கவில்லை நான். சிடியை வெளியே எடுத்து முழங்காலில் வைத்து உடைத்தேன். உடையும்போது சில்லு தெறித்து என் கட்டைவிரலில் கீறியது. அவன் அழவில்லை. பஞ்சு எடுத்துவந்து கொடுத்தான்.

அந்த சிடி அவனுடையது இல்லையாம். கூடப் படித்த பையனிடம் இரவல் வாங்கியது. பொங்கலுக்குப் பெரியவர்கள் கொடுத்த காசைச் சேர்த்து வைத்து நண்பனுக்கு ஈடு கட்டியிருக்கிறான். இது எனக்குத் தெரிய வந்தது சென்ற மாதம். வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது, போகிற போக்கில் சொன்னான். இருபது வருடத்துக்கு மேல் அதை எங்களிடம் சொல்லாமலே இருந்திருக்கிறான்.

ஆகவே இந்த முறை, விசாரணை இல்லாமல் தீர்ப்பு இல்லை என்று மருமகளிடம் மூன்று வாரம் அவகாசம் கேட்டேன். அந்த மூன்று வாரமும் பேத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன், அவள் பள்ளிக்குப் போன நேரத்தில் தனியாகவும் விளையாடினேன். என் வயதுக்காரர்கள் சிரிக்கலாம். கம்ப்யூட்டர் விளையாட்டு என்றால் துப்பாக்கியால் சுடுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என்ன ஏது என்று பார்க்காமல் ‘கூடாது’ என்று சொல்கிற வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அப்படி எழுதிய குறிப்புகளை நான் எத்தனையோ கோப்புகளில் பார்த்திருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன்.

விளையாட்டு 2001 இல் வந்தது. செய்தவர்கள் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ‘புளூ ஃபேங்’ என்ற சிறிய நிறுவனம், வெளியிட்டது மைக்ரோசாஃப்ட். எல்லா வயதினருக்கும் ஏற்றது என்று சான்று பெற்றது. (அந்தச் சிறிய நிறுவனம் 2011 இல் மூடப்பட்டுவிட்டது. நானும் அதே வருடம்தான் ஓய்வு பெற்றேன்.) ஒரு பொட்டல் நிலமும் கொஞ்சம் டாலரும் கையில் தருகிறார்கள். வேலி போட வேண்டும், மண் பரப்ப வேண்டும், மரம் நட வேண்டும், மிருகங்களை வாங்கிவிட வேண்டும், ஆட்களை நியமிக்க வேண்டும். பார்க்க வருகிறவர்களின் நுழைவுக் கட்டணத்தில்தான் எல்லாம் ஓட வேண்டும்.

எனக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. படித்தது பிரெஞ்சில், பேசுவது தமிழில், பிழைத்தது ஆங்கிலக் கோப்புகளில். திரையில் வரும் சிறு எழுத்துக்களைப் பேத்திதான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. முப்பத்தொன்பது வருடம் பில்லும் பட்ஜெட்டும் பார்த்தவன் நான், இந்தப் பிள்ளை விளையாட்டில் என்ன இருக்கிறது என்ற மிதப்பு எனக்கு இருந்தது உண்மை. முதல் பூங்கா திவாலாகச் சரியாக ஒரு மத்தியான நேரம் பிடித்தது.

நான் செய்த தப்பு இது. கையில் காசு இருந்ததும் இரண்டு சிங்கம், ஒரு யானை, இரண்டு பனிக்கரடி என்று பெரிய பெரிய மிருகங்களாக வாங்கிவிட்டேன். கூட்டம் வந்தது. வந்த கூட்டம் ஒவ்வொன்றாகப் புகார் சொல்லத் தொடங்கியது. வந்தவர்கள் மேல் அமுக்கினால் அவர்கள் மனதில் என்ன நினைக்கிறார்கள் என்று காட்டுகிறது. பசிக்கிறது, தாகமாக இருக்கிறது, கால் வலிக்கிறது, கழிப்பறை எங்கே? கழிப்பறை கட்டக் காசு இல்லை. கூட்டம் கலைந்தது. வருமானம் நின்றது, மிருகங்களின் தீனிச் செலவும் ஆட்களின் சம்பளமும் நிற்கவில்லை. பேத்தி மாலையில் வந்து பார்த்துவிட்டு, “தாத்தா, முதல்ல பாத்ரூம், பெஞ்சு, அப்புறம்தான் சிங்கம்” என்றாள். இந்த ஒரு வரி தெரியாமல் கட்டித் திறப்புவிழா நடத்திய பொது இடங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். பெயர் சொல்லமாட்டேன்.

இரண்டாவது, வேலி. வேலி போட்டால் அப்படியே நிற்பதில்லை. நாளாக ஆக உளுத்துப்போகிறது. பழுது பார்க்கும் ஆள் ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளாவிட்டால் ஒருநாள் வேலி விழும், சிங்கம் வெளியே வரும், ஜனங்கள் அலறிக்கொண்டு ஓடுவார்கள். நான் வேலை பார்த்த இலாகா ஒன்றில், எது என்று வேண்டாம், புதிதாக ஒன்று வாங்குவதற்கான கோப்பு மூன்று நாளில் கையெழுத்தாகி வந்துவிடும். இருப்பதைப் பழுது பார்ப்பதற்கான கோப்பு மூன்று வருடம் தூங்கும். வாங்கினால் படம் எடுக்கலாம், திறந்து வைக்கலாம். ஒரு கீலுக்கு எண்ணெய் போட்டதைத் திறந்து வைக்க முடியாது அல்லவா? ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது தெரிந்திருக்கிறது. மாதக் கணக்கில் முதலில் பழுது பார்க்கிறவரின் சம்பளத்தை ஒதுக்குகிறாள், பிறகுதான் புது மிருகம்.

இதில் ஒரு குறுக்கு வழியும் வைத்திருக்கிறார்கள். மகன் சிரித்துக்கொண்டே காட்டினான். விசைப்பலகையில் ஷிஃப்டையும் 4 என்ற எண்ணையும் சேர்த்து அமுக்கினால் (அங்கேதான் டாலர் குறி இருக்கிறது) கணக்கில் 10,000 டாலர் ஏறிவிடும். வரவுச் சீட்டு கிடையாது, கையெழுத்து கிடையாது. ஆனால் அமுக்கும் ஒவ்வொரு தடவையும் பூங்காவில் எங்கோ சில வேலிகள் சேதமாகிவிடும். இதை யோசித்து வைத்தவர் கட்டாயம் ஏதாவது ஓர் அலுவலகத்தில் குப்பை கொட்டியவராகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு மிருகத்துக்கும் அதனதன் மண், அதனதன் மரம் வேண்டும். ஒட்டகச்சிவிங்கிக்குக் காய்ந்த புல்வெளியும் குடை விரித்தாற்போன்ற வேல மரமும். பனிக்கரடிக்குப் பனியும் தண்ணீரும். சரியானதை வைத்தால் மிருகத்தின் தலைக்கு மேல் பச்சை முகம் சிரிக்கும். தவறானதை வைத்தால் சிவப்பு முகம். பார்க்க வருகிறவனுக்குப் பிடிப்பது வேறு, மிருகத்துக்கு வேண்டியது வேறு என்பது இந்த இரண்டு முகத்தில் பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது. பாறையையும் மரத்தையும் நிறைய வைத்தால் மிருகம் ஒளிந்துகொள்ளும், ஆனால் நிம்மதியாக இருக்கும்.

எனக்கு இது புரிய எழுபது வயது தாண்ட வேண்டியிருந்தது. பத்து வயதில் என் தாய்மாமன் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் காலத்தில் சென்னை போகிற எல்லோரும் இரண்டு காலேஜ் பார்த்துவிட்டு வருவார்கள், நினைவிருக்கும். எழும்பூர் மியூசியம் ‘செத்த காலேஜ்’. மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சிசாலை ‘உயிர் காலேஜ்’. இரண்டும் உண்மையில் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். மியூசியத்தைப் பார்த்துக்கொண்ட எட்வர்ட் பால்ஃபோர் என்ற டாக்டர் 1855 இல் அங்கேயே உயிருள்ள மிருகங்களை வைக்கத் தொடங்கியதுதான் ஆரம்பம்.

அந்த உயிர் காலேஜில் கம்பிக்குப் பின்னால் ஒரு புலி நடந்துகொண்டே இருந்தது. இந்த மூலையிலிருந்து அந்த மூலை, அங்கே ஒரு திரும்பல், மறுபடி இந்த மூலை. “பாத்தியா, ராஜநடை!” என்றார் மாமன். நானும் கைதட்டினேன். வேர்க்கடலை வீசினேன், புலிக்கு வேர்க்கடலை. பள்ளியில் நாங்கள் மனப்பாடம் செய்த லா ஃபோன்தேன் கதைகளில் சிங்கம் தீர்ப்புச் சொல்லும், நரி வழக்காடும், தவளை ஊதிப் பெருக்கும். மிருகம் என்றால் நம்மைப்போலப் பேசும், மனதில் இருப்பதைச் சொல்லிவிடும் என்று நினைத்த வயது. அந்தப் புலி பேசவில்லை. அதன் தலைக்கு மேல் சிவப்பு முகமும் தோன்றவில்லை. ஓயாமல் அப்படி நடப்பது அடைபட்ட மிருகத்தின் சங்கடத்துக்கு அடையாளம் என்பதை ஓய்வு பெற்ற பிறகு எங்கோ படித்தபோது, அந்த வேர்க்கடலை நினைவுக்கு வந்தது. நகர நெரிசலில் இடம் போதாமல் அந்த மிருகங்களை 1985 இல் வண்டலூருக்குக் கொண்டுபோனார்கள். இன்றைக்கு அந்தப் பூங்கா 602 ஹெக்டேர், ஏறக்குறைய 1,490 ஏக்கர்.

இதுவரை விளையாட்டுக்கு ஆதரவாகவே சாட்சி சொல்லிக்கொண்டு வந்தேன். எதிர்த் தரப்பும் இருக்கிறது. அதைப் பேத்தியே கண்டுபிடித்தாள்.

இரண்டாவது வாரம். அவள் பூங்காவில் பணமுடை. நரைத்த தலையும் கருத்த தலையும் சேர்ந்து கணக்குப் பார்த்தோம். அன்றைக்குத்தான் ஒட்டகச்சிவிங்கி குட்டி போட்டிருந்தது. மிருகங்கள் திருப்தியாக இருந்தால்தான் இந்த விளையாட்டில் குட்டி பிறக்கும், ஆகையால் அவளுக்கு ஒரே பெருமை. “இதை வித்துட்டா இந்த மாசம் சமாளிச்சிடலாம்” என்றேன், பழைய புத்தியில். விற்கும் பொத்தான் வரைக்கும் அம்புக்குறியைக் கொண்டுபோனாள். நிறுத்தினாள்.

“தாத்தா, வித்தா இது எங்க போகும்?”

பதில் இல்லை. விளையாட்டில் அது எங்கேயும் போவதில்லை. பொத்தானை அமுக்கினால் மறைந்துவிடும், பணம் ஏறும். வாங்கும்போதும் அப்படித்தான். எங்கிருந்தோ வானத்திலிருந்து குதித்தாற்போல் வந்து நிற்கும். அவள் விற்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடிவைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிரவு என் அலமாரியில் இருந்த பிரெஞ்சுப் புத்தகங்களைக் கிளறினேன். ஓர் ஒட்டகச்சிவிங்கி வருவது என்றால் என்ன என்பதற்கு எனக்குத் தெரிந்த கதை ஒன்று உண்டு. எகிப்தை ஆண்ட முகம்மது அலி, பிரான்சின் மன்னர் பத்தாம் சார்லசுக்கு ஓர் ஒட்டகச்சிவிங்கியைப் பரிசாக அனுப்பினார். சூடானில் பிடித்த குட்டி. நைல் நதியில் படகு, பிறகு கடலில் கப்பல். கழுத்து நீட்டிக்கொள்ளக் கப்பலின் மேல்தளத்தில் ஓட்டை போட்டார்கள். பால் குடிக்கிற வயது, அதற்காகப் பசுக்களும் கூடவே பயணம். 1826 இல் மார்சேய் துறைமுகத்தில் இறங்கியது. குளிர்காலம் முழுக்க அங்கே தங்கவைத்து, 1827 மே 20 ஆம் தேதி பாரிசுக்கு நடக்கவைத்தார்கள். ஏறக்குறைய 880 கிலோமீட்டர்! கூடவே நடந்தவர் ஜோஃப்ருவா சேன்-இலேர் என்ற பெரிய விலங்கியல் பேராசிரியர், வயது 55. ஜூன் 30 ஆம் தேதி பாரிஸ் சேர்ந்தது. பிறகு அங்கே ழார்தேன் தெ பிளாந்த் என்ற தாவரத் தோட்டத்தில் 1845 வரை உயிரோடு இருந்தது. அதன் காப்பாளர் ஒருவர் இரவில் அதன் பக்கத்திலேயே உயரமான பரணில் படுத்துத் தூங்கினாராம்.

அந்தத் தோட்டத்தில் மிருகங்களுக்கு இடம் கேட்டு 1792 இல் மனு எழுதியவர் யார் தெரியுமா? பெர்னார்தேன் தெ சேன்-பியேர். பிரெஞ்சில் படித்த நம்மவர்கள் ‘போல் எ விர்ழினி’ நாவலுக்காக அவரை அறிந்திருப்பார்கள். புரட்சிக் காலத்தில் வெர்சாய் அரண்மனையில் எஞ்சியிருந்த மிருகங்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, இங்கே கொண்டுவந்து வைத்து ஆராயலாம் என்று வாதாடினார். 1794 முதல் அந்த மிருகக்காட்சிசாலை இருக்கிறது.

இந்தக் கதையை மறுநாள் பேத்திக்குச் சொன்னேன். கப்பலில் ஓட்டை போட்டது ரொம்பப் பிடித்துவிட்டது. இன்னொரு ஒட்டகச்சிவிங்கியின் கதையும் எனக்குத் தெரியும், அதைச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். 2014 பிப்ரவரியில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் பூங்காவில் மாரியஸ் என்ற ஒன்றரை வயது ஒட்டகச்சிவிங்கியைக் கொன்றார்கள். நோய் எதுவும் இல்லை. ஐரோப்பியப் பூங்காக்களின் இனப்பெருக்கத் திட்டத்தில் அதே மரபுவழியில் ஏற்கனவே போதுமான மிருகங்கள் இருக்கின்றன, இது உபரி என்பது காரணம். வேறு இடங்கள் ஏற்றுக்கொள்ள முன்வந்தும் கொடுக்கவில்லை. ஜனங்கள் பார்த்திருக்க அறுத்துச் சிங்கங்களுக்குப் போட்டார்கள். உலகம் முழுக்கக் கூச்சல் எழுந்தது. அவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கலாம். நெருங்கிய உறவில் இனம் பெருகினால் அடுத்த தலைமுறை கெடும் என்பது பொய்யில்லை. ஆனால் ‘எங்கே போகும்’ என்ற கேள்விக்கு நிஜ உலகத்தில் இப்படியும் ஒரு பதில் இருக்கிறது. மறைந்துபோவது என்பது கிடையாது.

நம் நாட்டில் விற்பது வாங்குவது என்ற பேச்சே இப்படி நடக்க முடியாது. 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பின்னால் திருத்தம் கொண்டுவந்து, 1992 இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் ஏற்பட்டது. அதன் முன் அனுமதி இல்லாமல் ஒரு பூங்கா காட்டு மிருகத்தைப் பெறவும் முடியாது, இன்னொரு இடத்துக்குக் கொடுக்கவும் முடியாது. எழுத்தராக இருந்தவனுக்கு இந்த இடத்தில் ஒரு சந்தோஷம். கோப்பு என்றாலே தாமதம் என்று திட்டுகிறோம். ஒரு குட்டி எங்கிருந்து வந்தது, எங்கே போயிற்று என்று கேட்டால் சொல்ல ஒரு கோப்பாவது இருக்கிறதே.

விளையாட்டில் இல்லாத இன்னொன்றும் கண்ணில் பட்டது. அங்கே இரவே வருவதில்லை. எந்நேரமும் பகல், எந்நேரமும் கூட்டம். வார விடுமுறை கிடையாது. வண்டலூரில் செவ்வாய்க்கிழமை பூங்காவை மூடிவிடுவார்கள், மிருகத்துக்கும் ஓய்வு, ஆட்களுக்கும் ஓய்வு. இந்த விளையாட்டின் மிருகக் காப்பாளருக்கு லீவு இல்லை, காய்ச்சல் இல்லை, பெண்டாட்டி பிள்ளை இல்லை. சாணத்தை அள்ளிக்கொண்டே இருக்கிறார். ஒரு ஊழியனாக இருந்தவனுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருப்பது கொஞ்சம் கஷ்டமாகவே இருந்தது.

நண்பர் ஒருவர், சாயங்காலம் கடற்கரைச் சாலையில் என்னோடு நடப்பவர், இதையெல்லாம் கேட்டுவிட்டு, “மிருகத்தை அடைச்சு வைக்கிறதே பாவம், அதைப் போய் விளையாட்டா வேற சொல்லிக்கொடுக்கணுமா?” என்றார். அவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் நான் ஒன்று கவனித்தேன். மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிக்கொண்டு போன என்னை என் மாமன் பார்வையாளனாக மட்டும் நிற்கவைத்தார். நான் வேர்க்கடலை வீசினேன். இந்தப் பிள்ளையை விளையாட்டு வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கவைத்தது. தீனிக்கு யார் கொடுப்பது, வேலி எப்போது விழும், குட்டி எங்கே போகும் என்று கேட்கிறாள். மிருகங்களை அடைத்து வைப்பது சரியா என்ற கேள்வியையும் அவளே ஒருநாள் கேட்பாள். வேர்க்கடலை வீசியவனைவிட அவளுக்கு அதைக் கேட்கும் தகுதி அதிகம்.

2019 இல் ‘பிளானட் ஜூ’ என்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்து நிறுவனம் ஒன்று இதே மாதிரி இன்னொன்று வெளியிட்டிருக்கிறது. அதில் மிருகங்களுக்கு வயதாகிறது, சாகின்றன. ரத்த உறவில் இணை சேர்த்தால் எச்சரிக்கிறது. வளர்த்ததைக் காட்டில் விட்டால் அதற்கென்று தனி மதிப்பு ஏறுகிறது. பேத்தியின் கேள்வியை அதைச் செய்தவர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. ஆனால் அதற்கு நல்ல கம்ப்யூட்டர் வேண்டுமாம். இப்போதைக்கு எங்கள் வீட்டு பட்ஜெட்டில் இல்லை.

மருமகளின் கட்சியிலும் பாதி நியாயம். ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமாவது எனக்கே நடந்தது. ஒருநாள் மத்தியானம் மாத்திரை போட மறந்து, பனிக்கரடிக்குப் பனி கொட்டிக்கொண்டிருந்தேன். கண் எரிந்தது. கணக்கு மதிப்பெண் விஷயத்தில் மட்டும் அவளோடு நான் உடன்படவில்லை. வரவு செலவு, சதவீதம், மாதக் கடைசியில் மிச்சம் எவ்வளவு என்று பார்க்கிற பிள்ளைக்கு வராதது வாய்ப்பாடுதான். அது என் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகவே தீர்ப்பு. மாலையில் ஒரு மணி நேரம், அலாரம் வைத்து. தனியாக இல்லை, வீட்டில் பெரியவர்கள் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். சும்மா காவலுக்கு உட்காரக்கூடாது, கேள்வி வந்தால் பதில் தேடிச் சொல்ல வேண்டும். ஆரம்பிப்பதற்கு முன் இரண்டு வாய்ப்பாடு. ஷிஃப்ட்-4 தடை. பெரிய லீவில் எல்லோருமாக வண்டலூர். திண்டிவனம் வழியாகப் போகும் சென்னை பஸ்ஸாகப் பார்த்து ஏற வேண்டும், செவ்வாய்க்கிழமையாக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மருமகள், “நீங்களும் கட்சி மாறிட்டீங்க மாமா” என்றாள். ஆனால் அலாரத்தை அவளே வைத்துக் கொடுத்தாள்.

மகனிடம் அந்த சிடி விஷயத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று மூன்று வாரமும் நினைத்தேன். போன ஞாயிறு அவன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தேன். “அன்னிக்கு நான் என்ன ஏதுன்னு கேட்டிருக்கணும்” என்றேன். “விடுங்கப்பா” என்றான், துணியைப் பிழிந்துகொண்டே. கொஞ்ச நேரம் கழித்து, “வரிக்குதிரைக்கு வேலி பாதிதான் போட்டிருந்தேன்” என்றான். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் பேச வரவில்லை.

நேற்றைய நிலவரம்: கையிருப்பு மறுபடி குறைந்துகொண்டு வருகிறது. என் யோசனைப்படி இரண்டு சிற்றுண்டிக் கடை கூடுதலாகப் போட்டிருக்கிறோம், நுழைவுக் கட்டணத்தைக் கொஞ்சம் ஏற்றியிருக்கிறோம். பழுது பார்க்கும் ஆள் ஒருவருக்குப் பேத்தி என் பெயரை வைத்திருக்கிறாள், வேலியோரமாக நடந்துகொண்டே இருக்கிறேன். ஒட்டகச்சிவிங்கிக் குட்டியை இன்னும் விற்கவில்லை.